தூக்குவாளியில் வந்த கடல்

கடலூர்க் கடற்கரைப் பாதையில் சைக்கிள் மிதிக்கையில் உதட்டில் உப்புக் காற்று படிந்தது. அந்த உப்பை நான் முதன்முதலில் ருசித்தது, இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரத்தில்தான். ஒரே நாளில் திரும்ப வேண்டிய அம்மாவும் நானும் இங்கே சித்தி வீட்டில் மாட்டிக்கொண்டோம். நல்லவேளை, தினமும் கரையோரம் நடந்தோம்.

பஸ் ஓடத் தொடங்கிய அன்று அம்மா தூக்குவாளியில் கடல்நீரை மொண்டாள்.

"இன்னாத்துக்கும்மா?"

"உங்கப்பா கடலையே பாத்ததில்லடி."

எங்கள் ஊர் வடக்கனந்தலில் மாடுகளோடு இருந்துவிட்ட அப்பா, ஒரு விரல் தொட்டு நக்கினார். பிறகு அதைச் சோறு வடிக்கும் அகன்ற அன்னக்கூடைப் பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு கால்களையும் வைத்து நின்றார்.

அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் அவர் கடற்கரைக்கு வரவில்லை. "அதான் உங்கம்மா கொண்டாந்து காட்டிட்டாளே" என்பார், கடைசிவரை.

சைக்கிளை நிறுத்திவிட்டு அலையில் கால் நனைத்தேன். இவ்வளவு பெரிய கடலில் ஒரு தூக்குவாளி குறைகிறது.