தேங்காய் நிற்காத இடம்

பாகாலாவில் காய்ந்துகொண்டிருக்கும் எங்கள் மாந்தோப்புக்கு இன்று காலை நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்தபடி நடந்தார். ஓரிடத்தில் அது நிமிர்ந்து நின்றது.

"இங்க போர் போடுண்ணா. நான் காட்டன எடத்துல தண்ணி வராம போனதே இல்ல."

என் நைனா கும்பிட்டே விட்டார். எனக்குத்தான் சந்தேகம்.

"தண்ணி இல்லன்னு நீங்க சொன்ன எடத்துல யாராவது போர் போட்டுப் பாத்தாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி இல்லாத எடத்துல எவனாவது போர் போடுவானாம்மா?"

"நீ வாய மூடிக்கினு இரு" என்றார் நைனா.

மூடிக்கொண்டேன். ஆனால் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வருகிற நிலமென்றால், அந்தத் தேங்காயைச் சட்னிக்கே அரைத்திருக்கலாம்.

அவர் வேண்டாமென்ற இடத்தில் போர் போட்ட புண்ணியவான் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், தண்ணீர் வந்ததா?