கிரிக்கெட் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, முவைலாவில் ஒரு முழு மைதானம் எனக்கே எனக்கென்று இருந்தது.

கழுத்தில் விசில். கையிடுக்கில் கால்பந்து. இரண்டு முனையிலும் தார் டிரம்களை நிறுத்திச் செய்த கோல் போஸ்ட். நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வரம் கிடைத்தே விட்டது — கிரிக்கெட் இல்லாத உலகம்! அந்த உலகத்துக்குள் என்னைத் தவிர ஒருவருமில்லை என்பதுதான் சின்னச் சிக்கல்.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தேன்? வேறெப்படி... வாயால்தான்.

என் கடை வளைகுடாவில், இந்த முவைலாவில் இருக்கிறது. ஜிப், பட்டன், லேஸ், நூல் — தையல்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள். பக்கத்துக் கடை சுலைமானுடையது. மொபைலும் போன் கார்டும் விற்பான். என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்பான்; எங்கள் காயல்பட்டினத்துக்காரன். எங்கள் கடலோர ஊரில் பிறந்தவர்களுக்குப் பந்து என்றால் காலால் உதைப்பது. கையால் எறிவதற்குப் பெயர் வலை.

இரண்டு கடைக்கும் பின்னால், குடோன் சுவருக்கும் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்கும் நடுவே அந்த மணல் மைதானம். வெள்ளிக்கிழமை விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்கு நாங்கள் இறங்குவோம். ஏழு மணிக்குச் சரியாக வீரபாண்டி ஸ்டம்பும் கையுமாக வந்து நிற்பார். சிவகங்கைக்காரர். ஜெபல் அலியில் ஒரு குடோனில் சூப்பர்வைசர், கேம்ப் கிரிக்கெட் அணிக்கு கேப்டன். அவர் ஸ்டம்பை மணலில் இறக்கினால் எங்கள் ஆட்டம் கலாஸ். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே வெளியேறுவோம். இத்தனை வருடமாக இதுதான் நடைமுறை.

அந்தக் கோபத்தில்தான் என்னுடைய தேசிய லீக் சித்தாந்தம் பிறந்தது. கேஃப்டீரியாவில் யார் மாட்டினாலும் சொல்லுவேன். நம் நாட்டில் கிரிக்கெட் என்ற ஒன்றே வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

ஊர் ஊருக்கு ஓர் அணி. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் மேட்ச் என்றால் கோவில்பட்டியில் இரண்டு பக்கத்துப் பஸ்ஸையும் நிறுத்திவிட்டு போலீஸ் காவல். சோப்பு விளம்பரத்தில் கோல்கீப்பர் குளிப்பார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை லெஃப்ட் விங்கா, ரைட் விங்கா என்று கேட்பார்கள். பெனால்டி அடிக்கிறவர் ராகுகாலம் பார்த்துத்தான் ஓடிவருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபீஸில் வேலை நடக்கும்! ஐந்து நாள் மேட்ச் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘ஸ்கோர் என்ன?’ என்று யாராவது கேட்டால், பத்துக்கு எட்டு தடவை ‘சைபர்’ என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பார்க்கலாம். நாடு எங்கேயோ போயிருக்கும்.

போன புதன்கிழமை இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அடுத்த மேஜையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் வீரபாண்டி. கடைசித் துண்டு வரை மெதுவாகத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“சரி பாய். நாளன்னைக்கு வெள்ளிக்கிழம கிரிக்கெட்டே இல்லைன்னு வச்சுக்கங்க. கிரவுண்டு பூரா உங்களுக்கு. காலைல இருந்து பொழுது சாயிற மஃரிப் பாங்கு வரைக்கும் ஃபுட்பால் ஓடணும். தொழுக நேரம் போக, கால் மணிக்கு மேல பந்து நிக்கக் கூடாது. ஓட்டிக் காமிச்சீங்கன்னா ஒரு வெள்ளி உங்களுது, ஒரு வெள்ளி எங்களுது.”

“ஓடலேன்னா?”

“காலைல குடுக்குற அந்த ஒரு மணி நேரமும் மாஃபி, கிடையாது.”

கேஃப்டீரியாவே என்னைப் பார்த்தது. கௌரவமான மனிதன் என்ன செய்வான்? யோசித்துச் சொல்கிறேன் என்பான். நான் கை கொடுத்துவிட்டேன்.

வியாழன் முழுக்க எனக்குப் பதற்றம். நாற்பது பேருக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். நாற்பது பேரும் ‘ஓகே’ போட்டார்கள். நம்பிக்கை வராமல் மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் ‘ஓகே’. நான்கு அணி பிரித்து, அட்டவணை எழுதி, விசில் வாங்கி, அந்த விசில் ஊதுகிறதா என்று கடைக்குள்ளேயே ஊதிப் பார்த்து, ஜிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெங்காலி தையல்காரரைத் துள்ள வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். அடடா, என்ன ஆட்டம்! முதல் மேட்சில் மூன்று கோல். குடோன் சுவர் ஓரமாக வீரபாண்டி தன் ஆட்களோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நான் லேசாகச் சிரித்துக்கூட வைத்தேன்.

மணி ஏழானது. ஸ்டம்ப் வரவில்லை. யாரும் எங்களைத் துரத்தவில்லை.

சுலைமான் வாட்சைப் பார்த்தான். சட்டையை மாட்டினான். அவனைப் பார்த்து இன்னொருவர். அப்புறம் நாற்பது பேரும்.

“எங்கேப்பா போறீங்க?” என்றேன்.

“கடை திறக்கணுமே காக்கா. எட்டு மணிக்குல்ல?” என்றான் சுலைமான், நான்தான் ஏதோ புத்தி பேதலித்துப் பேசுவதுபோல.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் அணியில் எல்லோரும் கடைக்காரர்கள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குக் கடை. பதினொன்றரைக்கு ஜும்ஆ தொழுகைக்கு அடைத்து, மறுபடி நான்கு மணிக்குத் திறக்கணும். எங்களுக்குக் காலையில் இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான்! கிரிக்கெட்டா எங்களை விரட்டியது? கடை விரட்டியது. வீரபாண்டி எங்களுக்கு மணியடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கையில் வாட்ச் கட்டிக்கொண்டே இத்தனை வருடமாக அவரைத் திட்டியிருக்கிறோம்.

அட்டவணை போட்ட மேதைக்கும் ஒரு கடை இருக்கிறது என்பது அடுத்ததாக உறைத்தது. போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி.

“சேல்ஸ்மேன் இப்பவே வந்து ஷட்டர் முன்னாடி நிக்கிறாராம். சாவி எங்கே?”

சாவி என் பேன்ட் பாக்கெட்டில் கிணுகிணுத்தது. நிலைமையைச் சொன்னேன்.

“வீட்ல இருக்குற சாவியை அவருக்குக் குடுத்தனுப்புறேன். நீங்க அங்கேயே நில்லுங்க. தோத்துட்டு வந்தா அந்த நேஷனல் லீக் பேச்சை இந்த வீட்ல எடுக்கக் கூடாது.”

இப்போது சொல்லுங்கள், எனக்குத் தோற்க வழி இருந்ததா?

கால் மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது. பந்து நிற்கக் கூடாது. யார் உதைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லை. உதைத்தேன். காலியாக இருந்த கோலைப் பார்த்து உதைத்தேன். பந்து டிரம்முக்கு ஆறடி வெளியே போனது. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி. வெளியே. மைதானத்துக்கு நடுவில் கிரிக்கெட்காரர்கள் போட்ட சிமென்ட் பிட்ச் இருக்கிறது. அதில் பட்டுத் துள்ளி என் தாடையிலேயே ஒன்று. நாற்பத்தெட்டு வயது, முன்னால் ஒரு தொப்பை, தனியாக ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஆளில்லாத கோலைத் தவறவிடும் காட்சியைச் சுவரோரம் இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரம் தாங்கினார்கள். லீவு நாள், முழு மைதானம், கண்ணெதிரே ஒரு பந்து, அதை இப்படி ஒருவன் சித்திரவதை செய்கிறான். எப்படி உட்கார முடியும்?

முதலில் எழுந்தது அவர்கள் விக்கெட் கீப்பர். “தள்ளுங்க பாய், பாவமா இருக்கு” என்று கோலுக்குள் போய் நின்றான். நான் அடித்ததை ஒற்றைக் கையால் பிடித்துவிட்டு, இதுக்கா எழுந்து வந்தோம் என்பதுபோல் பார்த்தான். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஐந்து. “டேய், ஒக்காருங்கடா” என்று வீரபாண்டி பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒன்பது மணிக்கு இரண்டு அணி திரண்டுவிட்டது. ஃபவுல் என்றால் எல்லோரும் கையைத் தூக்கி அம்பயரிடம் அப்பீல் செய்தார்கள். அம்பயர் நான்தான். கோல் விழுந்தால் பௌலரைத் தேடினார்கள். ஆனால், பந்து நிற்கவில்லை! ஜும்ஆவுக்கு முந்திய பாங்கு வரை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

தொழுது, சாப்பிட்டு, இரண்டரைக்கு என் கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தங்கள் மைதானத்தில் கிரிக்கெட்காரர்கள் ஃபுட்பால் ஆடுவதைப் பார்த்ததும் சுலைமானுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் என்ன... கடை ஒருபக்கம், கேம்ப் ஒருபக்கம். எங்கள் கோல்கீப்பர் பிரியாணிக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை என்று தகவல் வந்ததால் டிரம்களுக்கு நடுவே என்னை நிறுத்தினார்கள். கேம்ப் இரண்டு கோல் பின்தங்கியதும் வீரபாண்டியால் பொறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தப் பக்கத்துக் கேம்ப்புகளிலிருந்து ஆட்கள் கூடினார்கள். நாலாபுறமும் சுவர்போல ஜனம். வேகமாக ஆடியதில் இரண்டுக்கு இரண்டு சமன்.

மணி மூன்றே முக்கால்.

சுலைமான் வாட்சைப் பார்த்தான். நான்கு மணி. கடை. இப்போது இவர்கள் போய்விட்டால் கேம்ப்காரர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த முறை வீரபாண்டி எழுந்திருக்கவே விடமாட்டார். காலை ஆறு மணி ஆட்டமும் போச்சு. வீட்டில் பேச்சும் போச்சு. இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு நான் தனியாக உதைத்தால் ஆம்புலன்ஸ்தான் வரும்.

“சுலைமான், போறியா?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாக.

“யாருக்கு காக்கா கடை திறக்க? வெள்ளிக்கிழமை போன் கார்டு வாங்குறவன் பூரா இங்கேல்ல நிக்கிறான்.”

சொல்லிவிட்டு வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். பின்னாலேயே இன்னொரு வாட்ச். இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கோல்கீப்பரின் இரண்டு முழங்கை வரைக்கும் வாட்ச். முவைலாவின் அந்தத் தெருவில் நான்கு மணிக்கு யாரும் ஒரு ஷட்டரைக்கூடத் தூக்கவில்லை. என்னுடையது மட்டும் திறந்திருக்க, என் சேல்ஸ்மேன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்கும் இரண்டுக்கு இரண்டுதான். சூரியன் குடோன் சுவருக்குக் கீழே இறங்கிவிட்டது. எங்கள் ஆள் ஒருவர் கையில் பந்து பட்டது. பெனால்டி. அடிக்க வந்தவர் வீரபாண்டி.

அவர் ஃபாஸ்ட் பௌலர். முப்பதடி பின்னால் போனார். பௌலிங்குக்கு ஓடிவருவதுபோலவே ஓடிவந்தார். கலிமா சொன்னேன். எந்தப் பக்கம் பாய்வது என்று யோசிப்பதற்குள் பந்து தொப்பைக்கு நடுவில் வந்து மோதியது. பாயவில்லை, பிடிக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அங்கே இருந்தேன், அவ்வளவுதான். தெறித்த பந்து சுலைமான் காலுக்குப் போனது, அவன் ஓடினான், மொத்த முவைலாவும் கத்தியது... கண்ணைத் திறந்தபோது மூன்றுக்கு இரண்டு. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு.

என்னைத் தூக்கினார்கள். பாதியில் இறக்கியும் விட்டார்கள், எடை அப்படி. வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். பந்து எங்கே பட்டது என்று கேட்டாள். சொன்னேன். “அதைக் குறைங்கன்னு இனி சொல்லமாட்டேன்” என்றாள். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் இது எனக்குக் கிடைத்த தனி வெற்றி.

வீரபாண்டி முடியில் மணலோடு வந்து கை கொடுத்தார். வாக்கு வாக்குதான், வர்ற வெள்ளி எங்களுது, அடுத்தது உங்களுது என்றார். இரண்டடி போனவர் திரும்பினார்.

“பாய், உங்க வெள்ளிக்கிழமையிலயும் ஏழு மணிக்கு ஸ்டம்ப எடுத்துட்டு வரவா? உங்க ஆளுங்களுக்குக் கட திறக்குற நேரம் தெரியணும்ல.”

“அதோட உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

என் தேசிய லீக் திட்டத்தில் இப்போது ஒரேயொரு திருத்தம் செய்திருக்கிறேன்: கிரிக்கெட்டை ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி லீவு கொடுத்தால் போதும்.