நுவரெலியாவில் எங்கள் கல்யாண நாள்

நுவரெலியா வாவியைப் பார்த்தபடி இருந்த ஹோட்டல் அறையில், வெள்ளை விரிப்பின் மேல் என் கணவர் காலில் போட்டிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நேரம் பகல் பன்னிரண்டு. அன்று எங்கள் முதல் கல்யாண நாள், எனக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படகில் போவோம், அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்க்கிறேன் என்று படுத்தவர்தான்.

அவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க நின்றபடியே வேலை, மாதத்தில் இரண்டு நாள்தான் லீவு. முந்தின நாள் கடை பூட்டிய பிறகு பஸ் ஏறி, விடியும்போது எங்கள் ஊரான வட்டவளையில் இறங்கி, முகம் கழுவிய கையோடு என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார். என் நிலைமையும் அதுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினான்கு குழந்தைகளைத் தூக்கி இறக்கி என் கால்கள் வீங்கிக் கிடந்தன. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒரே அறையில், அவர் லீவில் வரும்போது மாமனார், மாமியார், கொழுந்தனோடு நாங்களும் படுத்தோம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் பேசியதே கிடையாது. குழந்தை வந்துவிட்டால் எங்கேயும் நகர முடியாது, ஒரு நாளாவது போய் வருவோம் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான்.

நான் தூங்கவில்லை. குழந்தை காலையிலிருந்து அசையவில்லை. ஹட்டனில் பஸ் மாறி வரும் வழியில் குலுங்கும்போதெல்லாம் உதைக்கும் என்று நினைத்திருந்தேன், உதைக்கவில்லை. அதுவும் என்னைப்போல் களைத்துத் தூங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எதையும் சொல்லத் தோன்றவில்லை. இனிப்பு உள்ளே போனால் அசையும் என்று, அறையில் சீனி கூடுதலாகப் போட்ட தேத்தண்ணி குடித்தேன். இடது பக்கமாகச் சரிந்து படுத்து வயிற்றில் கையை வைத்துக் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வாவிக்கரையில் யாரோ மட்டக்குதிரையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏங்க, புள்ள காலையிலேருந்து அசையல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏன் இவ்ளோ நேரம் சொல்லல?"

"நீங்க தூங்குனீங்க."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போகல, நான் போகல" என்று முணுமுணுத்தபடியே வந்தார். கடவுளிடம் பேசுகிறார் என்பது புரிந்தது. எங்கே போகவில்லை என்பது புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

வார்டில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி, இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று சிங்களத்தில் கடிந்துகொண்டே குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். கருவியை இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு, தூரத்தில் தேயிலை ஃபேக்டரி ஓடுவதுபோல் ஒரு சத்தம், விடாமல் கேட்டது. மிஸ்ஸி எழுந்து போய், வெளியே நின்ற என் கணவருக்கும் கேட்கட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். அவர் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டது தெரிந்தது.

அன்றிரவு என்னை வார்டில் வைத்துக்கொண்டார்கள். அவர் வெளியே கிடந்த வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் ஆசைப்பட்டு எடுத்த அறையில் யாருமே படுக்கவில்லை. காலையில் எல்லாம் சரி, போகலாம் என்றதும் அதே வாங்கில் போய் உட்கார்ந்து, எங்கே போகவில்லை என்று கேட்டேன்.

அவருக்குக் குவைத்தில் ஒரு ஹோட்டலில் வேலை சரியாகியிருந்தது, இரண்டு வருஷத்துக்கு. எனக்குத் தெரியாமல் பாஸ்போட்டும் எடுத்து ஒரு மாதமாகியிருந்தது. "இங்க வச்சு மெதுவா சொல்லலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் கோபம் வரும் அளவுக்கு என் உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

"நேத்து பயத்துல சொன்னீங்க. அத நான் புடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன். இப்ப சொல்லுங்க, போகணுமா?"

அவர் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, "போகணும்" என்றார். புள்ளையையும் லயத்து ஒற்றைக் காம்பராவிலேயே வளர்க்க முடியாது என்றார். அது உண்மை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். என் தலை அவர் தோளில் இருந்தது.

மகள் பிறக்கும்போது அவர் இருந்தார். நாற்பது நாள் கூடவே இருந்தார். அவளைக் குளிப்பாட்ட என்னைவிட நன்றாகப் பழகிக்கொண்டார். புறப்பட்ட அன்று, வட்டவளை ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நின்னுடுறேன்" என்றார். அவர் மெய்யாகத்தான் சொன்னார். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் என்றது இப்போது ஆறாகிவிட்டது. இடையில் இரண்டு தடவை வந்து போனார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். சொல்லாததுதான் சரி என்று சில நாள் தோன்றும். பெரும்பாலான நாட்களில், எது சரி என்று யோசித்து முடிப்பதற்குள் தூங்கிப்போகிறேன்.