முந்நூறு வருடக் கல்லறை

ஜெர்மனியில் என்னோடு வேலை செய்த அமெரிக்கப் பெண் லிண்டா, தன் மூதாதையரின் ஊரைத் தேடினாள். சம்பந்திகளான இரண்டு குடும்பங்கள் முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரே கிராமத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினவாம். இணையத்தில் தேடி ஒரு வழிகாட்டியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

அவர் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பாசி படிந்த கல்லொன்றைக் காட்டி, "கப்பலேறியவர்களின் பெற்றோர்" என்றார். இரண்டு குடும்பப் பெயர்களும் அதில் இருந்தன. லிண்டா அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

கார் ஓட்டி வந்த என் கணவர் மட்டும் என் காதருகே குனிந்தார்.

"இஞ்சேர், இந்த நாட்டில எங்கட அம்மாவின்ர கல்லறைக்கே இருபத்தைஞ்சு வருசத்துக்குத்தான் இடம் தந்தவை. பிறகு கல்லைக் கிளப்பிப்போடுவினம். இதை மட்டும் ஆர் முந்நூறு வருசம் விட்டு வைச்சது?"

அதையே நான் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பாசியை நகத்தால் சுரண்டினேன்; ஒட்டவைத்ததுபோல் பெயர்ந்து வந்தது. அடியில் எழுத்துகள் புதிதாக வெட்டப்பட்டிருந்தன.

உண்மையான ஊர் பிறகு வேறொரு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிடைத்தது. அங்கே அந்தப் பெயர்களில் ஒரு கல்கூட இல்லை. அதனாலேயே நம்பினோம்.

இப்போது யார் பழைய கல்லறையைக் காட்டினாலும் முதலில் பதிவேட்டைக் கேட்கிறேன். அழுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.