கோட்டைத் தாண்டிய சம்பளம்

மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, சோதனைப் பிரிவின் சூப்பர்வைசர் வேலையை எனக்குத் தரப்போவதாகச் சொன்னார். நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் மனம் அரசாங்க உதவித்தொகைப் பக்கம் ஓடிவிட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஈப்போவுக்கு அருகே செமோர் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மருத்துவமனைகளில் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறை. தயாராகி வரும் பெட்டிகளிலிருந்து சிலவற்றை எடுத்து, தண்ணீர் நிரப்பி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவு. விரல் இடுக்கில் ஒரு சொட்டு கசிந்தாலும் எழுதி வைப்போம். ஆனால் அந்தச் சரக்கை நிறுத்துவதா, அனுப்புவதா என்று முடிவு செய்கிறவர் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவை வேறு யாராவது எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் என் வயதுள்ள மலாய்ப் பெண். மரியாதைக்குக் கக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். "வெள்ளிக்கிழமைக்குள் சொல். நீ வேண்டாம் என்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள்," என்று மலாயில் சொன்னார்.

சம்பளம் கூடும், சனிக்கிழமையும் சேர்த்து வேலை நேரமும் கூடும். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. என் கணவர் ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கும் தொழில்நுட்பர். எங்கள் இருவர் சம்பளத்தையும் கூட்டினால் அரசாங்கம் போட்டிருக்கும் வருமானக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்போம். கோட்டுக்குக் கீழே நிற்கும் குடும்பங்களுக்கு வருடத்தில் சில தடவை வங்கியில் பந்துவான் என்கிற உதவிப் பணம் வந்து விழும். எங்கள் வீட்டுப் பள்ளிச் சப்பாத்து, பை, தீபாவளித் துணி எல்லாம் அந்தப் பணம்தான். புதிய சம்பளம் எங்களைக் கோட்டுக்கு மேலே தூக்கிவிடும். அந்தப் பணம் நின்றுபோகும். அதுவரை நான் கட்டாத வருமான வரியும் வந்து சேரும்.

விஷயம் கேன்டீனுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. இயந்திரப் பிரிவில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். வருடக் கடைசியில் எத்தனை பேர் கெஞ்சினாலும் ஓவர்டைம் செய்யாதவர் அவர்.

"எடுக்காதம்மா. ஒரு வெள்ளி காசு கூடப் போச்சுன்னா வரி அடுத்த படிக்குப் போயிரும். அப்புறம் மொத்தச் சம்பளத்துக்கும் பெரிய ரேட்டு போட்டு வரியைப் பொத்தோங் பண்ணிப் பிடிச்சிருவான். கூட வேலை செஞ்சு கொறைச்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவியா?"

"மொத்தத்துக்குமா அண்ணே?"

"பின்னே? நான் ஏன் டிசம்பர்ல வேலை செய்றதில்லன்னு நெனைக்கிற?"

அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். முதலில் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்க ஆரம்பித்தார்.

"பந்துவான் போயிரும். வரி பிடிப்பான். நீ ஏழரைக்குத்தான் வருவே, அப்ப ஆன்ட்டிக்குக் கூடக் கொடுக்கணும். மிச்சம் என்னா இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா?"

"மாசத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வெளியே போய் நல்லாச் சாப்பிட்டு வரலாம்."

"அந்த ஒரு சாப்பாட்டுக்கா நீ தெனம் இருட்டின பிறகு வரப்போற? சயாங்லா, வீண்தானே. இப்படியே இருப்போம்."

அவர் கணக்கில் பிழை இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்பதை அவருடைய கைப்பேசியில் எந்த இடத்தில் தட்டுவது? அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆன்ட்டி என்று நாங்கள் சொன்னது எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று வீடு தள்ளி இருக்கும் சீனப் பெண்மணியை. எங்கள் நாலு வயது மகளைப் பகலில் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பள்ளி முடிந்து மகனும் அங்கேதான் போவான். அவருடைய அப்பா சுங்காய்ப் பக்கம் தமிழர்கள் வேலை செய்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தமிழ் நன்றாகப் பேசுவார். என் மகள் அவரிடமிருந்து கான்டனீஸ் கற்றுக்கொண்டு, எங்களுக்குப் புரியாமல் எங்களைத் திட்டுவாள்.

மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளப் போனபோது கேட்டேன். "ஆன்ட்டி, ஏழரை வரைக்கும் வெச்சுக்க முடியுமா? கூடக் கொடுக்கிறேன்."

"முடியாது," என்றார் உடனே. "ஆறரைக்கு எனக்கு டான்ஸ்."

"டான்ஸா?"

"பாடாங் திடல்லே எல்லாரும் சேர்ந்து ஆடுவோம்லா. நான் முன்னாடி நிக்கிற ஆளு. நான் போகலைனா பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் தப்பா ஆடுவாங்க. காசு கொடுத்தாலும் முடியாது."

எனக்கு அவர் மகள் வயதுதான், ஒரு தாய் போல இணங்குவார் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் அவர் தன் மாலை நேரத்தை விட்டுக்கொடுக்காமல் நின்ற அழகு எனக்குப் பிடித்திருந்தது. அதே நேரம் என் வேலை கைவிட்டுப் போவதும் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் அண்ணன் சொன்ன வரி விஷயம் மட்டும் மனதில் உறுத்தியது. வேண்டாம் என்றாலும் சரியான காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈப்போவில் வரி அலுவலகத்துக்குப் போனேன். எண் எடுத்துக் காத்திருந்தேன். முகப்பில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட இளையவள்.

"தங்கச்சி, சம்பளம் அடுத்த படிக்குப் போனா மொத்தத்துக்கும் பெரிய ரேட்டா போடுவீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. தினமும் யாராவது கேட்பார்கள் போலிருக்கிறது. மேசையில் கிடந்த ரப்பர் பேண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினாள். "இல்லக்கா. அடியில இருக்கிறதுக்குப் பழைய ரேட்டுதான், அது மாறாது. மேல வந்து உக்காருது பாருங்க, அந்தத் துண்டுக்கு மட்டும்தான் கூட. சம்பளம் கூடுனா வரியால கையில வர்றது கொறையவே கொறையாது."

"பிள்ளைங்களுக்கு வரிக் கழிவு இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பேருக்கும் கழிக்கலாம். பிள்ளைங்களைப் பாத்துக்கிற தாஸ்காவுக்குக் கட்டுற காசும் கழிக்கலாம். பதிவு செஞ்ச தாஸ்காவா?"

"பக்கத்து வீட்டு ஆன்ட்டி."

"அப்ப அது முடியாதுக்கா."

"சரி, பந்துவான்? அது முழுசா நின்னுருமா? கோட்டைக் கொஞ்சம் தாண்டினாக் கொஞ்சமாவது தருவாங்களா?"

அவள் முகத்தில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லக்கா. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் தாண்டினா தாண்டினதுதான்."

வெளியே வந்து வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆக, எல்லாரும் பயந்த வரி படிக்கட்டு மாதிரி. ஏறலாம். கேன்டீனில் யாரும் பேசாத உதவித்தொகைதான் கிணற்று விளிம்பு மாதிரி. ஒரு அடி வைத்தால் அந்தப் பக்கம் தரை இல்லை. ஒரு பயம் போய்விட்டது, இன்னொன்று உறுதியாகிவிட்டது. எப்படியும் ஆன்ட்டியின் நடனத்தை யாராலும் மாற்ற முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கக் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார், திங்கட்கிழமை பேசலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு நாள் கிடைத்திராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் கம்பி வரிசை முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மகன் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. என் கணவருக்குச் சனிக்கிழமை ஓவர்டைம். வார நாள்களிலும் மாலையில் யாராவது கூப்பிட்டால் போய்விடுவார். அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் தொங்கும் ஏர்கோன் இயந்திரங்களைக் கழுவுகிற வேலை. அவருடைய ஓவர்டைம் இல்லாவிட்டால் எங்கள் வீடு ஓடாது என்பது எங்களுக்குள் பேசி முடித்துவிட்ட விஷயம். அதனால் நானும் மகளும் மட்டும் திடலில் உட்கார்ந்திருந்தோம்.

மகன் சாக்கு ஓட்டத்தில் ஓடினான். பாதியில் விழுந்தான். எழுந்து, சாக்கை இழுத்துக்கொண்டு குதித்து, கடைசியாக வந்தான். அப்போதுதான் என் கணவர் வேலைச் சட்டையோடு வாசலில் நுழைந்தார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஓடிவந்திருக்கிறார். மகன் அவரைப் பார்த்ததும், "அப்பா, நான் ஓடினேன், பாத்தீங்களா?" என்று கத்தினான்.

"பாத்தேன்டா," என்றார் அவர்.

பார்க்கவில்லை. அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. அவன் மைலோ பானம் ஊற்றிக் கொடுக்கும் வரிசைக்குப் போனான். இவர் சற்று நேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாரேன், அடுத்த வீடு காத்திருக்கு," என்று போய்விட்டார். நடக்கும்போது வலது காலை இலேசாக இழுத்தார்.

ஞாயிறு காலையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"நீ அந்த வேலையை எடு."

"ஆன்ட்டி முடியாதுன்னுட்டாங்களே."

"நான் கூட்டிக்கிறேன். அஞ்சரைக்கு வேலை முடியுது. நேரா வந்துருவேன். ஓவர்டைம் வேணாம்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன். சனிக்கிழமையும் சேத்து."

நான் கையில் மாவோடு திரும்பிப் பார்த்தேன். "அப்போ உங்க காசு கொறையுமே."

"உன்னோடது கூடுதுல்ல. எனக்கும் மாடி ஏறி ஏறி முட்டி போச்சு."

"அப்பக்கூடக் கோட்டுக்கு மேலதான் இருப்போம். பந்துவான் வராது. மொத்தத்துல இப்ப இருக்கிறதைவிடக் கொஞ்சம் கம்மியாவே வரும்."

"தெரியும். நேத்து வேன்ல உக்காந்து கணக்குப் பாத்துட்டேன்." தைல மூடியைத் திருகினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு அந்த வேலை ஆசைதானே? அன்னைக்கு நீ பாத்திரத்தைக் கழுவுன சத்தத்திலேயே தெரிஞ்சிச்சு," என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். மாவுக் கையோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை கக்கிடம் சரி என்று சொன்னேன். கூடவே சனிக்கிழமை மாறி மாறித்தான் வருவேன், எல்லாச் சனியும் முடியாது என்றும் சொன்னேன். அப்படிக் கேட்கும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கக் அட்டவணையில் அதைக் குறித்துக்கொண்டு, "நானும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும், நான் சேர்ந்தபோது," என்றார்.

எனக்குப் பெரிய வேலை கிடைத்ததை அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், இப்போது என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருக்கிறார். "அப்ப நீ மண்டோரா?" என்று கேட்டார். ஆட்களை மேய்க்கிற வேலை எதுவானாலும் அம்மாவுக்கு அது மண்டோர் வேலைதான். ஆமாம் என்றேன். "ரொம்பக் கத்தாதே," என்றார்.

முதல் சில மாதம் எளிதாக இல்லை. உதவித்தொகை எல்லாருக்கும் வந்த அன்றைக்குத் தாமான் முழுவதும் பேச்சு அதுதான். ஏடிஎம் வாசலில் வரிசை. நான் அந்த வழியாக வந்தேன், வரிசையில் நிற்கவில்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது உண்மை. அந்த வருடம் பள்ளிச் சப்பாத்தைச் சம்பளத்திலிருந்து வாங்கினோம். வெளியே சாப்பிடுவதை நிறுத்தினோம். கணவர் சமைக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் செய்த நெத்திலிச் சம்பலை மகன் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டானாம். இப்போது அவனே இன்னும் கொஞ்சம் கேட்கிறான். ஆன்ட்டியும் என் கணவரும் வாசலில் நின்று மீன் விலை பேசுகிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டார்கள். நடனத்துக்கு வரச்சொல்லி ஆன்ட்டி கூப்பிட்டிருக்கிறார், இவர் முட்டியைக் காரணம் காட்டித் தப்பிக்கிறார்.

வேலையில், சேர்ந்த சில வாரத்தில் ஒரு சரக்கு முழுவதையும் நிறுத்தினேன். மேலே இருந்து போன் வந்தது. ஒழுகுகிறது என்றேன். நேரில் வந்து பார்த்தார்கள், நிறுத்தியது சரிதான் என்று போனார்கள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டிக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கூடுதலாகச் சம்பாதிப்பதில் லாபம் உண்டா என்று யாராவது கேட்டால், எங்கள் கைக்கு வந்த காசைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பையும் சனிக்கிழமைகளையும் சேர்த்தால் வேறு பதில்.

இயந்திரப் பிரிவு அண்ணனுக்கு ரப்பர் பேண்டு விளக்கத்தை அப்படியே சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "ஆபீஸ்ல அப்படித்தான்மா சொல்லுவாங்க," என்றார். அந்த டிசம்பரிலும் அவர் ஓவர்டைம் செய்யவில்லை.

மறு வருடம் முதல் தடவையாக வருமான வரி கட்டினேன். பெரிய தொகை இல்லை. இருந்தாலும் கணவர் அதை விடுவதாக இல்லை. எங்கள் தாமானுக்குத் திரும்பும் சாலையில், ரப்பர் மரங்களை வெட்டிப் புதிய வீடுகள் கட்டிய பக்கத்தில், வெகுநாள் இருட்டாக இருந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் போட்டிருந்தார்கள். வண்டியில் போகும்போது, "பாத்தீங்களா, இது அம்மா காசுல போட்டது," என்று பிள்ளைகளிடம் காட்டினார்.

மகன் நம்பவில்லை. மகள் நம்பிவிட்டாள். அடுத்த நாள் ஆன்ட்டி என்னை வாசலில் நிறுத்தி விசாரித்தார். "அந்த லைட்டு உன்னோடதாம், உன் மக சொல்றா. என் வீட்டு முன்னாடியும் இருட்டாத்தான் இருக்கு. எப்ப போடுவே?"

"அடுத்த இன்க்ரிமெண்ட் வரட்டும் ஆன்ட்டி," என்றேன்.