சவர்க்காரம் வைத்த பள்ளம்

போன வருஷம், இரண்டாம் தவணை முடிகிற நேரம். காங்கேசன்துறைக்கும் மயிலிட்டிக்கும் இடையில், கடற்காற்றுக்குத் தகரமெல்லாம் துருப்பிடிக்கிற எங்கள் ஒழுங்கையில் நடந்த கதை இது. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகன் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து, பையைக் கதிரையில் எறிந்துவிட்டு, "அம்மா, நினைவுப் புத்தகம் செய்யோணுமாம்" என்றான்.

தன்னைப் பற்றித் தானே செய்கிற புத்தகம். குழந்தையாக இருந்தபோது எடுத்த படம், வீடு, பள்ளிக்கூடம் போன முதல் நாள், பிடித்த திருவிழா என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசிப் பக்கத்துக்கு "எங்கள் வீட்டுக் கைகள்" என்று பெயர். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தில் கையை வைக்க, பிள்ளை பென்சிலால் சுற்றிக் கீறி, அந்தக் கை தனக்கு என்ன செய்கிறது என்று கீழே எழுத வேண்டும்.

பிள்ளைக்குக் கொடுத்த வேலைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் கொடுத்த வேலை என்றால் தாய்க்குக் கொடுத்த வேலை. அதிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவள், என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இராணுவத்திடம் இருந்து காணி விடுபட்டு நாங்கள் திரும்பி வந்த புதிதில் அவர்களும் வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடுகுவேலி. போய்வர அதில் ஒரு பொட்டு, அதாவது ஓர் ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி. கறிவேப்பிலையும் கதையும் அதற்குள்ளால் போய்வந்தன. பிறகு அவளுடைய கணவர் சுவிஸுக்குப் போனார். வேலி போய் மதில் வந்தது, பொட்டு அடைபட்டது. நிலத்துக்கு மாபிள் கல் வந்தது. குழாய்க் கிணறு அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் இருக்கிற, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றடிக்கு அந்த வீட்டில் இருந்து ஒருவரும் வருவதில்லை. கடைசியாகச் சுவரளவுக்கு ஒரு ரிவி வந்தது. பின்னேரம் என் கணவருக்கு நான் தேத்தண்ணி ஆற்றுகிற நேரம் பார்த்து அந்த ரிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். ஒழுங்கை முனைவரை கேட்கும்.

நான் வீட்டில் இருந்து தையல் தைக்கிறவள். இடம்பெயர்ந்து திரிந்ததில் பள்ளிப் படிப்புப் பாதியில் நின்றது. மிச்சத்தை உடுப்புத் தைக்க வருகிறவர்களின் வாயால்தான் படித்தேன். அளவு கொடுக்க வந்த ஒரு மனுசி ஒரு நாள் சொன்னா, "பிள்ளை, எரிச்சல் எண்டது மார்கழியிலை தேங்காயெண்ணெய் மாதிரி. உறைஞ்சு போய்க் கிடக்கேக்கை இருக்கிறதே தெரியாது. கொஞ்சம் வெயில் பட்டால் ஊத்துப்படும்" என்று. யாரைப் பற்றிச் சொன்னாவோ தெரியாது. நான் ஊசியில் நூல் கோர்க்கிறமாதிரிக் குனிந்துகொண்டேன்.

அந்த நினைவுப் புத்தகம்தான் எனக்குப் பட்ட வெயில்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நல்லூரில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனாள். மினுங்குகிற மட்டை, பொன் நிறத்தில் பிள்ளையின் பெயர், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். என் மகனுக்குக் கீறுகிற கொப்பி ஒன்று. அதற்குப் பாவாடைத் துண்டில் மிஞ்சின துணியால் நான் உறை தைத்துக் கொடுத்தேன். குழந்தைப் படம் என்று எங்களிடம் இருந்தவை இரண்டே இரண்டு. மிச்சமெல்லாம் பழைய போனோடு கிணற்றுக்குள் போய்விட்டன.

ஒரு நாள் மகன் ஓடிவந்தான். "அம்மா, அவளின்ரை புத்தகத்திலை சுவிஸ் மாமா அவையின்ரை வீட்டு வாசலிலை நிக்கிறார்."

எனக்குத் திக்கென்றது. "எப்பயடா வந்தவர்?"

"வரேல்லை. ஸ்ரூடியோக்காரர் ஒட்டினது. காலைப் பாத்தால் தெரியும், நிலத்திலை முட்டேல்லை."

நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அன்றைக்குத் தைக்க வந்த ஆட்களுக்கெல்லாம் அந்தக் காலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "அவைக்கு எல்லாம் கிடக்கு. மாபிள் கிடக்கு, மதில் கிடக்கு, ஊருக்குக் காட்ட ரிவியும் கிடக்கு. கால் மட்டும் நிலத்திலை இல்லை." மகன் பக்கத்தில் இருந்து வீட்டுவேலை செய்துகொண்டிருந்தான்.

கைகள் பக்கம் வந்தபோது எனக்கு இன்னும் சந்தோசப் புழுகம். அதிலே ஸ்ரூடியோக்காரர் என்ன செய்ய முடியும்? என் கணவர் மேசன். வேலையால் வந்து, நகத்துக்குள் சீமெந்தோடேயே கொப்பியில் கையை வைத்தார். ஒருமுறை பலகை விழுந்ததில் அவருடைய சின்னவிரல் வளைந்தது. அந்த வளைவையும் விடாமல் மகன் கீறினான். பென்சில் விரலிடுக்கில் போக இவர் கூச்சத்தில் நெளிய, "ஆடாதையுங்கோ அப்பா!" என்று அவன் அதட்ட, வீடே சிரித்தது. "இந்தக் கை வீடு கட்டும், எனக்கு மாம்பழம் பிடுங்கும், அடிக்கிறமாதிரி வந்து அடிக்காது" என்று கீழே எழுதினான். அந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிள்ளை நன்றாகச் செய்துவிட்டான் என்பது பாதிதான். மதிலுக்கு அங்கால் இந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும் என்பது மற்றப் பாதி.

கொப்பியைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். வெள்ளி பின்னேரம் படலையடியில் அவளின் குரல் கேட்டது. மகளையும் புத்தகத்தையும் கொண்டு, ஒழுங்கையால் சுற்றி வந்திருந்தாள். இருக்கச் சொன்னேன். கதிரையின் விளிம்பில் இருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. கேக்கக் கூச்சமாக் கிடக்கு. இவர் அங்கை தன்ரை கையைக் கீறிப் படமெடுத்து வட்ஸ்அப்பிலை அனுப்பினவர். கொமினிக்கேசன் கடையிலை பிரின்ற் எடுத்தால் குழந்தைப்பிள்ளையின்ரை கை மாதிரி வருது. பெருப்பிச்சுத் தாங்கோ எண்டால் அரக்கன்ரை கை மாதிரி வருது. இவள் ரெண்டையும் கிழிச்சுப்போட்டு அழுறாள்."

பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணை தன்ரை கையை இதிலை ஒருக்கால் வைச்சுத் தந்தால்... ஆரின்ரை கை எண்டு ரீச்சர் பாக்கப் போறாவே?"

என் கணவர் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார், "அதுக்கென்ன" என்று எழும்பினார். எனக்கோ பிடிக்கவில்லை. என் மனுசனின் கை, பொன்னெழுத்துப் போட்ட அந்தப் புத்தகத்தில், இன்னொரு பிள்ளையின் அப்பாவாகவா? நான் வாய் திறக்க முதல் மகன் முந்திவிட்டான்.

"ஏலாது! அது என்ரை அப்பான்ரை கை. அவைக்குத்தான் எல்லாம் கிடக்கே. மாபிள் கிடக்கு, மதில் கிடக்கு, ஊருக்குக் காட்ட ரிவியும் கிடக்கு. இனி எங்கடை அப்பான்ரை கையும் வேணுமாமோ?"

தொடக்கமும் முடிவும்தான் அவனுடையவை. நடுவில் உள்ளதெல்லாம் நான் மெசினில் இருந்து சொன்னவை. சொல் மட்டுமில்லை, கழுத்தை வெட்டுகிற வெட்டும் என்னுடையது. அவள் என் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சின்னப்பிள்ளைதானே அக்கா, விடுங்கோ" என்று எழும்பினாள். என் கணவர் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

என் கணவர் படலையைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு அவர், "உவன் உதுகளை எங்கை பொறுக்கினவன்?" என்றார்.

"பள்ளிக்கூடத்திலையாக்கும்."

"ஓமோம். பள்ளிக்கூடத்திலை இப்ப தையல் மெசினும் ஓடுதாக்கும்."

அடுத்த நாள் காலை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றைச் சுற்றி இருக்கிற சீமெந்து நிலத்தில், நான் வழமையாகச் சவர்க்காரம் வைக்கிற ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டியை எடுத்தபோது பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதில் ஐந்து விரல் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி வந்த புதிதில், பாழடைந்து கிடந்த பங்குக் கிணற்றை இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் சேர்ந்துதான் இறைத்துத் துப்புரவாக்கினார்கள். சுற்றிவரச் சீமெந்தும் போட்டார்கள். என் கணவர் பூச, அவளுடைய கணவர் குழைத்துக் கொடுத்தார். அப்போது அவளும் நானும் பிள்ளைத்தாய்ச்சிகள். அவள் தலைப்பிள்ளைக்கு நல்லூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் போக ஒரு தாய்வீடு இல்லை. (அதற்கும் அப்போது எரிந்திருக்கிறேன், மறைப்பானேன்.) பூசி முடித்த ஈரத்தில் அவளுடைய கணவர் உள்ளங்கையை அமர்த்தி வைத்தார். பக்கத்திலே இவரும் வைத்தார். "பூசினதைப் பழுதாக்கிறியளே!" என்று நான் சத்தம் போட, "பங்குக் கிணறெல்லே அக்கா, ஒப்பம் வைக்கிறம்" என்று அந்த மனுசன் சிரித்தது. மகளுக்குப் பல் முளைக்க முதலே அவர் போய்விட்டார். வதிவிட அனுமதி இன்னும் சரிவரவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கைகள் பாசி பிடித்து, எனக்குச் சவர்க்காரம் வைக்கிற இடமாகப் போயின.

அந்தப் பிள்ளை தேடி அழுகிற கை என் காலடியில் கிடக்கிறது. மதிலுக்கு மேலால் ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தேனா? இல்லை. கட்டியைத் திரும்ப அதே பள்ளத்தில் வைத்தேன். அத்தனை மாபிளுக்குள்ளும் இல்லாத ஒன்று என் பக்கத்தில் கிடக்கிறதே என்று ஒரு நினைப்பு. அதை விட மனம் வரவில்லை. அன்றைக்குத் தைத்த சட்டைக்குக் கையை மாறிப் பூட்டி, பிரித்து, திரும்பவும் மாறிப் பூட்டினேன்.

ஞாயிறு காலை திரும்பவும் கிணற்றடி. மதிலுக்கு அங்கால், அவர்களுடைய குசினி வாசலில் தாயும் மகளும் கதைப்பது கேட்டது.

"நான் கையை நல்லா அகட்டி வைக்கிறன். நீ பென்சிலை வெளியாலை பிடிச்சுக் கீறு. அப்பான்ரை மாதிரி வரும்."

"உங்கடை விரல் மெல்லிசு."

"ரெண்டு மூண்டு தரம் சுத்திக் கீறினால் மொத்தமா வரும்."

"பொய்க்கை" என்றது பிள்ளை. அழவில்லை. சும்மா சொன்னது.

நான் எப்போது எழும்பினேன் என்று தெரியாது. மதிலடியில் நின்று கூப்பிட்டேன். மதில் கட்டின பிறகு அதற்கு மேலால் நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இஞ்சை பாரும், பிள்ளையையும் புத்தகத்தையும் கொண்டு எங்கடை கிணத்தடிக்கு வாரும்!"

அங்கால் சத்தம் நின்றது. "ஏன் அக்கா?"

"வாருமன்."

அவர்கள் ஒழுங்கையால் சுற்றி வருவதற்குள் தேங்காய்த் தும்பை எடுத்துப் பாசியைத் தேய்த்தேன். இரண்டு கையும் எழும்பி வந்தன. வந்து நின்றவளிடம் காட்டினேன். "சின்னவிரல் வளைஞ்சது எங்கடை ஆள். நேரானது உம்மடை ஆள். நீர் தாய்வீட்டிலை நிக்கேக்கை வைச்சது."

அவள் குனிந்து பார்த்தாள். பிள்ளைதான் முழங்காலில் இருந்து தன் கையை அந்தப் பள்ளத்துக்குள் வைத்தது. நடுவிலே சின்னக் கை, சுற்றிவரப் பெரிய கை. "குளிருது அம்மா" என்றது.

கடுதாசியை வைத்துப் பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து உரசினார்கள். ஈரம் ஊறிக் கிழிந்தது. அதுவரை வாழை மறைவில் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நின்ற என் மகன் வந்து, போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பள்ளத்தைத் துடைத்தான். தோய்த்துப் போட்ட சட்டை, ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் கை வந்தது. ரேகைகூட ஒன்றிரண்டு விழுந்திருந்தது. பிள்ளை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, பின்னால் அவனும் ஓடினான்.

அவர்கள் போனபிறகு அவள் குந்தியிருந்து தன் கையை அந்தக் கைக்குள் வைத்தாள்.

"அக்கா, என்ரை வீட்டிலை இருக்கிறதெல்லாம் அவர் அனுப்பினதுதான். அவர் தொட்டது எண்டு ஒண்டும் இல்லை. நீங்கள் இவ்வளவு காலமும் இதிலை சவர்க்காரம் வைச்சிருக்கிறியள்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் ஒரு பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. நான் அவளுடைய மாபிளைப் பார்க்கிற பார்வை.

பிறகு சொன்னாள்: "தம்பி அண்டைக்குச் சொன்னவன்தானே, ஊருக்குக் காட்ட ரிவி எண்டு. ஊருக்கில்லை அக்கா. பின்னேரம் அண்ணையின்ரை மோட்டச்சைக்கிள் ஒழுங்கையிலை திரும்பிற சத்தம், உங்கடை படலை திறக்கிற சத்தம், அவன் 'அப்பா' எண்டு ஓடுற சத்தம்... எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கேலாது. அதுதான் கூட்டி வைக்கிறனான். உங்களைப் பாத்து எனக்கு எவ்வளவு எரிச்சல் எண்டு உங்களுக்குத் தெரியாது."

எனக்கா தெரியாது? வாளியை இறக்கி ஒரு வாளி தண்ணி அள்ளி, அவளுக்குக் கை கழுவ வார்த்தேன்.

சவர்க்காரத்துக்கு இப்போது வேறு இடம் பார்த்துக்கொண்டேன். என் கணவரிடமும் ஒன்று சொன்னேன்: ஒழுங்கை திரும்புகிற முடக்கிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வாருங்கள், பெற்றோல் மிச்சம். "இந்தத் துண்டுத் தூரத்துக்கோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் உருட்டிக்கொண்டுதான் வருகிறார். சில பின்னேரங்களில் அந்த வீட்டு ரிவி கேட்பதே இல்லை.

மதில் அப்படியேதான் நிற்கிறது. மாபிளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்யும். ஆனால் யாரையாவது பார்த்து அந்த எரிச்சல் கிளம்புகிற நேரமெல்லாம், எந்தச் சத்தம் காதில் விழக்கூடாது என்று அவர்கள் எதைக் கூட்டி வைத்திருக்கிறார்களோ என்று, நான் ஒரு கணம் நின்று கேட்டுப் பார்க்கிறேன்.