பெரிய கடையில் இராச்சாப்பாடு

சின்ன வயதில் எனக்கு வந்த கனவுகளில் பாதி பெரிய கடைக்குள்தான் நடந்தன. கல்முனைப் பிரதான வீதியில் அது மூன்று மாடிக் கட்டடம். வாசலில் வேறு ஏதோ பெயர் எழுதிய பலகை இருந்தது, ஆனால் பலகையை வாசித்துவிட்டு யாரும் உள்ளே போகவில்லை. கீழே சட்டி பானையும் கண்ணாடிச் சாமான்களும், நடுவில் துணி, மேலே செருப்பு, சென்ட், பிள்ளைகளின் சைக்கிள். வீதியைப் பார்த்து நின்ற பொம்மைகளுக்கு ஒரு நோன்பு மாதத்தில், யாரோ பெரியவர்கள் சொன்னார்கள் என்று, முக்காடு போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவை எங்கள் மாமிமாரைப் போலவே இருந்தன. ஒருநாள் நான் அதில் ஒன்றுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றேன். பார்த்துக்கொண்டிருந்த காக்கா சிரித்த சிரிப்பில் அளக்கும் கோலைக் கீழே போட்டுவிட்டார்.

காக்கா என் கூடப்பிறந்த மூத்தவர். துணி மாடியில் விற்பனைக்கு நின்றார். சீலையை ஒரே வீச்சில் விரித்துவிட்டு, வாங்க வந்தவளைப் பார்க்காமல் யன்னல் பக்கம் பார்ப்பார். பார்த்தால் வெட்கப்பட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்பது அவர் கட்சி. லீவு நாட்களில் அதே கைகள் சீமெந்து குழைத்தன. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். தகப்பன் கட்டித் தர வேண்டியது, எங்கள் வாப்பா நேரத்தோடு மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் எனக்கான வீட்டைக் காக்கா கட்டினார். அத்திவாரத்திலிருந்து கூரை ஓடு வரை அவர் கை படாத இடம் அதில் இல்லை. என்னைக் கட்டிக்கொடுத்த பிறகுதான், கடற்கரைப் பக்கம் இருந்த மதினியின் வீட்டுக்கு அவர் மாப்பிள்ளையாகப் போனார்.

அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. மதினியையும் அவர்களுடைய ஒரே மகளையும் கொண்டுபோனது. காக்கா அந்தச் சுனாமிக் காலையில் கடைக்கு வந்துவிட்டிருந்தார், தண்ணீர் பிரதான வீதிக்கு வராமலே திரும்பிவிட்டது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

மனைவியும் வீடும் இல்லாத ஆண் எங்கே போவான்? காக்கா என் வீட்டு முன்னறைக்கு வந்தார். நான் அவரைத் தலையில் வைத்துத் தாங்கினேன். ஒவ்வொரு நாளும் பொழுது பட்டு மஃரிப் தொழுகை முடிந்ததும் பாய் விரித்து, மேலே வெள்ளைச் சீலை போட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றுவேன். மீன் தலை அவருக்கு. அவர் எழும்பும் வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். வாயைத் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் சொல்லிவைப்பேன். காக்கா வைத்ததைப் பேசாமல் தின்றுவிட்டு, "போதும் புள்ள" என்று எழும்பிப் போவார். இதில் என்ன பிழை என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், எனக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும்.

பெரிய கடையும் அந்தக் காலத்திலேயே மூடிப்போனது. புதுச் சீலை வாங்கும் மனம் யாருக்கு இருந்தது? கொஞ்ச நாள் நிவாரண அரிசி மூட்டைகள் துணி மாடியில் கிடந்தன, பிறகு பூட்டுப் போட்டார்கள். காக்கா வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சண்டை முடிந்து, சந்தியில் இருந்த மண்மூட்டைகளை அகற்றி, தெற்கிலிருந்தெல்லாம் சனம் வாடகை வான் பிடித்து வரத் தொடங்கியபோதுதான் முதலாளியின் மகன்மார் பூட்டைத் திறந்தார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடித்து, மேசை கதிரை போட்டு, மூலைக்கு மூலை சாப்பாட்டுக் கடைகளை வாடகைக்கு விட்டார்கள். ஃபூட் கோர்ட் என்று பலகை மாட்டினார்கள். நாங்கள் பெரிய கடை என்றே சொன்னோம்.

முதல் தடவை உள்ளே போனபோது நான் விழித்திருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சட்டி பானை இருந்த இடத்தில் புரியாணி ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சாமான் அடுக்கிய தட்டுகளில் பலூடாக் கோப்பைகள் சிவப்பும் பச்சையுமாக நின்றன. மேலே கொத்து ரொட்டி அடிக்கும் சத்தம் படிக்கட்டால் இறங்கி வந்தது. எண்ணெய் மணத்துக்குள்ளும் புதுத் துணி மணம் வருகிறது என்று என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு வரவில்லையாம். பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், விளக்குகள் மிதப்பதுபோல் இருந்தன, நான் யாரையோ தேடி வந்தவளைப் போல நடந்துகொண்டே இருந்தேன்.

அது திறந்த சில வாரங்களில் காக்கா இராச்சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டார். "வெளிய திண்டிட்டன் புள்ள" என்று மட்டும் சொல்வார். ஒருநாள், இரண்டு நாள் என்று பார்த்தேன். நான் எடுத்து வைத்த சோறு கோழிக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால், "என்ன, ஒங்கட அடுப்பு எரியிறல்லியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்போடு கேட்டதுதான் சுட்டது.

அன்று இரவு கணவரை இழுத்துக்கொண்டு பெரிய கடைக்குப் போனேன். அவர் கீழே பலூடாவோடு நின்றுவிட்டார். இப்படியான நேரங்களில் ஆண்களுக்குத் தாகம் எடுக்கும். நான் மட்டும் படியேறினேன்.

துணி மாடி நிறைய மேசைகள். யன்னலோரம், முன்பு அவர் சீலை விரித்த இடத்துக்குக் கிட்ட, காக்கா அப்பமும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார். அதே மேசையில் நற்பிட்டிமுனையிலிருந்து வந்த இரண்டு வயல்காரர்கள் வாய்க்காலில் தண்ணீர் விடுவதைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காக்காவுக்கும் வயலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அவர் நடுவில் ஏதோ சொன்னார், மூன்று பேரும் சிரித்தார்கள். கடல் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என் வீட்டில் வராத சிரிப்பு இங்கே எப்படி வந்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வயல்காரர்கள் எழும்பிப் போகும் வரை நின்றேன். பிறகு ஸலாம்கூடச் சொல்லாமல் போய், "ஊட்ட சோறு இல்லையா காக்கா?" என்றேன்.

"இரி புள்ள. என்ன தின்னப் போற?"

"நான் தின்ன வரல்ல. உங்களக் கூட்டிட்டுப் போக வந்த. ஊரு கதைக்குது."

அவர் அப்பத்தின் ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "இங்க நான் திங்கக்குள்ள ஒருத்தரும் என்னப் பாக்குறல்ல," என்றார்.

"நான் பாத்தா என்ன? என்ட காக்காவ நான் பாக்கக் கூடாதா?"

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கெண்டுதானே செல்றது? நீ எனக்கு இத்தன வருசமா விருந்து வைக்கிறாய். அந்த ஊட்டுக் கல்லெல்லாம் இந்தக் கையால வெச்சது. அதுக்குள்ள குந்தி, இந்தக் கைக்கு நீ தண்ணி ஊத்த, நான் ஆரோ வந்த மனிசன் மாதிரித் திங்கிறன். ஒருநாளாவது எனக்குப் பக்கத்துல குந்தித் திண்டிரிக்கியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. மரியாதை செய்ததும் குற்றமா என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். வழியில் கணவர், "மச்சான் செல்றதும் சரிதான்" என்றார். அவரைப் பின்னால் விட்டுவிட்டு நான் வேகமாக நடந்தேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால், என் வீட்டு முன்னறையில் காக்கா தலை குனிந்து தின்பதும், நான் செம்போடு மேலே நிற்பதும் தெரிந்தது.

அடுத்த நாள் நான் பாய்க்கு வெள்ளைச் சீலை போடவில்லை. மஃரிப் முடிந்து காக்கா உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே போக வந்தபோது, நானும் கணவரும் பிள்ளைகளும் சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம். எழும்பச் சொல்லிக் கால் துடித்தது. எழும்பவில்லை. அவரைக் கூப்பிடவுமில்லை.

காக்கா வாசலில் நின்று சட்டிகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போனார். சோற்றுக் கோப்பை எடுக்கும் சத்தம் கேட்டது. வந்து, சின்னவனைத் தள்ளி இருக்கச் சொல்லி, எனக்குப் பக்கத்தில் குந்தினார். மீன் தலைக்குப் பிள்ளைகள் இரண்டும் சண்டை பிடித்தன, நான் கண்ணைக் காட்டவில்லை. அவரே சோறு போட்டு, கறி ஊற்றி, பிசைந்து ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது.

"என்ன புள்ள இது? இவ்வளவு புளி விட்டா மனிசன் எப்பிடித் திங்கிற?"

இத்தனை வருடத்தில் என் சமையலில் அவர் சொன்ன முதல் குறை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசம்தான், வேறொன்றுமில்லை. "அப்ப நாளைக்கு நீங்களே ஆக்குங்க," என்றேன்.

"ஓம், ஆக்குறன். பாத்துப் படி," என்று சொல்லிக்கொண்டே கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.